கூச்சம் வேண்டாம், தங்கைகளே!

(முன்னாள் மாணவியர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பழைய நினைவுகளைப் பேசச் சொன்னார்கள். என் அறைத்தோழி ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். 2012-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அவள் வீட்டில் இன்றைக்கும் "வயித்துல கட்டி"ன்னுதான் சொல்றாங்க.

மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு மறுபடியும் ரத்தம் பட்டது. டாக்டரிடம் போகுமுன் எனக்குத்தான் போன் பண்ணினாள். நானோ விலங்கியல் பட்டதாரி, பள்ளியில் உயிரியல் ஆசிரியை. "உடம்புச் சூடா இருக்கும்டி, இளநீர் குடி, எண்ணெய் தேய்ச்சுக் குளி"ன்னு சொல்லிவிட்டேன். ஆறு மாதம் அப்படியே போயிற்று. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நோய் முற்றியிருந்தது. இதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் வாழ்க்கைப்பட்டது திண்டுக்கல் பக்கம். அதே மாவட்டத்தில் 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்கு ஓர் எளிய பரிசோதனை செய்து பார்த்தார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். நம்ம சமையலறை வினிகரும் அதே அமிலம்தான்! பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துவிடலாம். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியானது. எங்கள் பள்ளிக்கும் ஒரு முகாம் வந்தது. பேப்பர் திருத்தணும்னு சாக்குச் சொல்லி நழுவிய ஆசிரியைகளில் நானும் ஒருத்தி.

இப்போது தடுப்பூசியே இருக்கிறது. ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2023-ல் நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக்கும் வந்தது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறப்பு.

என் பேத்திக்கு 11 வயது. பேச்செடுத்தேன். மருமகள் முகம் மாறிவிட்டது. "அத்தை, அது தாம்பத்தியத்துல வர்ற கிருமியாமே. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு?" என்றாள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை 'பி' ஊசி போடுகிறோம். அந்தக் கிருமியும் அந்த வழியில் பரவக்கூடியதுதான். ரூபெல்லா ஊசி பின்னால் உண்டாகும் கர்ப்பத்தையும் காக்கிறது. அதற்காகக் கைக்குழந்தையை யாராவது சந்தேகப்பட்டோமா? கிருமி வருவதற்கு முன்னால் போட்டால்தானே பலன்? ஒழுக்கமான பெண்ணுக்கும் கல்யாணம் ஆகும்; கிருமி புருஷன் வழியாகவும் வரும். இதைச் சொல்ல மாமியாருக்கே நாக்குக் கூசியது, என்ன செய்ய!

அவள் விடவில்லை. "ஆந்திராவுல பிள்ளைங்க செத்துச்சாமே?" என்றாள். உண்மைதான், 2010-ல் அங்கே இந்த ஊசித் திட்டத்தையே நிறுத்தினார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் தெரியவரவில்லை. ஆனால் பல சிறுமிகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார். விடுதியில் வளர்ந்த நமக்கு அந்தத் தாய்மாரின் கோபம் புரியும். கேள்வி கேட்கிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். மருமகள் டாக்டரிடமே போய் அத்தனையும் கேட்டாள். அப்புறம்தான் பேத்திக்கு ஊசி போட்டோம்.

ஊசி போட்டாலும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை வேண்டும். என் தோழிக்கு அந்த ஊசி கிடைத்திருக்காது, பரிசோதனை கிடைத்திருக்கும்.

சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. இங்கே பாதிப் பேர் 30 தாண்டியவங்க. சபையில கேட்கக் கூச்சமா இருந்தா, தனியா வாங்க. பந்தி முடிஞ்சதும் அந்த வேப்பமரத்தடியிலதான் உட்கார்ந்திருப்பேன்.