படைச் செலவும் மக்கள் நலனும்

பெங்களூரின் வடமேற்கே உள்ள பீன்யா, இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பேட்டையாகும். 1970களின் தொடக்கத்தில், இங்கிருந்த எளிய தொழிற்கொட்டகைகளில்தான் யு. ஆர். ராவ் தலைமையிலான விஞ்ஞானிகள் இந்தியாவின் முதல் துணைக்கோளான ஆரியபட்டாவை உருவாக்கினர். 360 கிலோ எடையுள்ள அக்கோள் 1975 ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் ராக்கெட் ஒன்றின் மூலம் செலுத்தப்பட்டது. அந்த ராக்கெட், அணுகுண்டைச் சுமப்பதற்காக அமைக்கப்பட்ட ஏவுகணையிலிருந்து பிறந்ததாகும்.

அதே ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றின் வழியாக, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, சுகாதாரம், கல்வி பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றடைந்தன. இதற்கு எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. துணைக்கோளை ஏவுவதற்காக அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதற்கட்டமே, 1989இல் அக்னி ஏவுகணைக்கும் அடிப்படையாயிற்று. ஆக, ஆற்றல் ஒன்றே. அதன் திசையை நிர்ணயிப்பது அரசியல் தலைமையாகும்.

நாட்டின் பாதுகாப்பு தேவையற்றது என்பது இதன் பொருளன்று. 1962ஆம் ஆண்டுப் போர் புகட்டிய பாடத்தை எவரும் மறக்கவியலாது. ஆயினும் ஓர் அளவு வேண்டும். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024இல் உலக நாடுகளின் படைச் செலவு 2 லட்சத்து 71 ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. இந்தியாவின் 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில், ஓய்வூதியம் உட்படப் பாதுகாப்புக்கு சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாயும், மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. மக்கள் நல்வாழ்வு பெரிதும் மாநிலங்களின் பொறுப்பாதலால், இவ்விரு தொகைகளை மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வருதல் பொருந்தாது. எனினும் கேள்வி எழாமல் இராது.

உலக அரங்கில் இக்கேள்வியை எழுப்பிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1985 ஜனவரியில் அர்ஜென்டினா, கிரீஸ், சுவீடன், டான்சானியா, மெக்சிகோ ஆகிய நாடுகளுடன் கூடி, அணு ஆயுதப் போட்டியை நிறுத்துமாறு டில்லியிலிருந்து அறைகூவல் விடுத்தது. 1987இல் ஆயுதக் குறைப்பையும் வளர்ச்சியையும் இணைத்து ஐ.நா. மாநாடு கூட்டியது, அமெரிக்கா அதில் கலந்துகொள்ளவில்லை. மிச்சமாகும் பணத்தை ஏழை நாடுகளுக்கு வழங்கத் தனி நிதியம் எதுவும் அங்கு அமையவில்லை.

உலகுக்கு வழிகாட்ட விழையும் ஜனநாயகம், முதலில் தன் வீட்டுக் கணக்கைத் தானே விவாதிக்க வேண்டும். 2018 மார்ச்சில், அமளிக்கிடையே, எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறின. பாதுகாப்புத் துறையின் கோரிக்கையும் அவற்றுள் அடங்கும். பாதுகாப்பு ரகசியம் என்பது போர்த் திட்டங்களுக்கே பொருந்தும். செலவின் அளவுக்கும் முன்னுரிமைக்கும் பொருந்தாது. இதனை ஆராய்ந்து கேட்பது குடிமகனின் உரிமை. தெளிவாக விடை அளிப்பது அலுவலரின் கடமை.