நாணயமும் கூலியும்



நாணயத்தின் வரலாறு என்றதும் அரசர் தலை பொறித்த காசுகளும், அவற்றை அடுக்கி வைத்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளும் நினைவுக்கு வருவது இயல்பு. நாம் இன்று அப்பெட்டிகளிடம் செல்லப்போவதில்லை. ரூபாயின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அதன் சுமை எவர் தலையில் விழுகிறது என்பதையே ஆராயப் புகுகிறோம்.

பணம் என்று நாம் பொதுவாக வழங்கும் சொல்லே ஒரு காலத்தில் ஒரு தனி நாணயத்தின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் கணக்கெழுதியபோது 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-இல் வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாயை அளவுகோலாக ஏற்றார்கள். 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது அன்று வகுத்த விகிதம். அப்போதும் நாடெங்கும் ஒரே ரூபாய் இல்லை. சிக்கா ரூபாய், ஆற்காட்டு ரூபாய், சூரத்து ரூபாய் என ஊருக்கொரு ரூபாய் வழங்கிற்று. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்தோறும் சராப்புக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டார். எழுத்தறியாதவன் கையிலிருந்து எவ்வளவு பிடித்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1835-ஆம் ஆண்டுச் சட்டம் 180 கிரெயின் எடையும், அதில் 165 கிரெயின் தூய வெள்ளியும் கொண்ட ஒரே ரூபாயைக் கம்பெனி ஆட்சி முழுமைக்கும் பொதுவாக்கியது. அதனுள் இருந்த வெள்ளியே அதன் மதிப்பு. எவரும் வெள்ளியை நாணயச்சாலையில் கொடுத்து, சிறு கட்டணம் நீங்கலாக, ரூபாயாக அச்சடித்துப் பெறலாம் என்பதும் விதி.

இவ்விதி ஏழைகளுக்கு என்ன செய்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வங்கி என்ற ஒன்றைக் கண்டிராத உழைக்கும் மக்கள், நல்ல விளைச்சல் ஆண்டில் மிஞ்சியதைக் காப்பாகவும் தண்டையாகவும் செய்து வைத்தார்கள். பஞ்சம் வந்தால் அவற்றை விற்றார்கள். வாங்கிய வணிகன் அவ்வெள்ளியை நாணயச்சாலைக்கு அனுப்பி ரூபாயாக்க முடிந்ததால், எடைக்கு ஏறத்தாழ ஈடான விலை கிடைத்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் இவ்வாறு உருகிய நகைகள் ஏராளம்.

இதற்குள் உலகில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1871-ஐ அடுத்து ஜெர்மனி தங்கத்தை அளவுகோலாக ஏற்றுத் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியது. அமெரிக்கச் சுரங்கங்களும் வெள்ளியைக் கொட்டின. லண்டனில் 60 பென்சு விற்ற ஓர் அவுன்சு வெள்ளி 1892-இல் 40 பென்சு அளவுக்கு வீழ்ந்தது. சுமார் 2 ஷில்லிங் பெற்ற ரூபாயும் அதனோடு சேர்ந்து இறங்கியது. இங்கிலாந்துக்கு ஆண்டுதோறும் பவுன் கணக்கில் பணம் அனுப்பவேண்டியிருந்த இந்திய அரசாங்கம் கலங்கியது. 1893 ஜூன் 26-ஆம் நாள் பொதுமக்கள் கொணரும் வெள்ளிக்கு நாணயச்சாலைக் கதவு மூடப்பட்டது. இருக்கும் ரூபாயைக் குறைத்து, அதன் மதிப்பை 1 ஷில்லிங் 4 பென்சுக்கு உயர்த்துவதே நோக்கம். அந்நோக்கம் சில ஆண்டுகளில் நிறைவேறிற்று.

தண்டைக்கு என்ன நேர்ந்தது? ரூபாய் உயர்ந்தது, வெள்ளி மேலும் வீழ்ந்தது. 1897 வாக்கில் ஒரு ரூபாய் எடையுள்ள நாணய வெள்ளி, லண்டன் விலைப்படி 10, 11 அணாவே பெறும். அந்த ஆண்டுகளில் மீண்டும் பஞ்சம். ஒரு சட்டம் ஏழைப் பெண்களின் கால் தண்டையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை ஓசையின்றிக் கழற்றிக்கொண்டது என்றே நாம் கூறுவோம். அந்தச் சேமிப்பும் நம் மக்களுக்கு எங்கும் அனுமதிக்கப்படவில்லை என்பதையும் மறவாதிருப்போம். இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-இல் ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிடர்மீது விதித்த எட்டுத் தடைகளுள், பொன், வெள்ளி நகை அணியலாகாது என்பதும் ஒன்று.

இக்கதை முழுவதையும் ஆராய்ந்து நூலாக்கியவர் அண்ணல் அம்பேத்கர். அரசியல் சட்டத்தை வரைந்தவர் என்றே நம் இளைஞர் பலர் அவரை அறிவர். கல்லூரியில் ஆசிரியப் பணி செய்து சேர்த்த பொருளோடும் நண்பரிடம் பெற்ற கடனோடும் 1920-இல் இரண்டாம் முறை லண்டன் சென்று, அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் ரூபாயின் சிக்கல். ஆய்வுரை 1923-இல் நூலாக வெளிவந்தது. முன்னுரை வழங்கிய பேராசிரியர் எட்வின் கானன் அதன் முடிவுகள் அனைத்தையும் ஏற்கவில்லை. ஆயினும் அதன் புதுமையைப் பாராட்டினார். அந்நாளைய நாணய முறையைப் புகழ்ந்து எழுதிய கெயின்சை, முப்பது வயதை ஒட்டிய இவ்விளைஞர் துணிந்து மறுத்திருக்கிறார்.

அவர் மறுப்பின் சாரம் எளிது. வெள்ளியின் மதிப்பிலிருந்து விடுபட்ட ரூபாய், அரசாங்கம் வேண்டும்போது அடித்துக்கொள்ளும் அடையாளப் பொருளாகிவிட்டது. அளவின்றி அடித்தால் விலைவாசி ஏறும். லண்டனில் ரூபாய்க்கு எத்தனை பென்சு என்பதை நிலைநிறுத்தினால் போதாது. உள்நாட்டுச் சந்தையில் ரூபாய் எவ்வளவு பொருள் வாங்கும் என்பதை நிலைநிறுத்தவேண்டும். ரூபாய் மதிப்புக் குறைந்தால் ஏற்றுமதி வணிகருக்கும் ஆலை முதலாளிகளுக்கும் ஆதாயம் என்பது உண்மையே. அந்த ஆதாயம் வெளிநாட்டிலிருந்து வருவதன்று. விலை ஏறிய வேகத்தில் கூலி ஏறாததனால், தொழிலாளியின் பையிலிருந்தே வருவது என்று அவர் எடுத்துக்காட்டினார். நாட்டுக்கு நன்மை என்ற பேச்சில், நாடு என்பது எவர் என்று கேட்டவர் அவர். 1925-இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னும் அவர் சாட்சியம் அளித்தார். அவ்வாணையத்தின் பரிந்துரையில் வேரூன்றி, 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1935 ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் வங்கி தொடங்கியது.

அவர் கூறியது கணக்கு மட்டுமன்று என்பதை 1943 காட்டிற்று. உலகப் போருக்காக நோட்டுகள் அச்சாகிக் குவிந்தன. போர் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல் பெருகியது. வங்காளத்தில் அரிசி விலை கூலியைத் தாண்டிப் பறந்தது. மாண்டவர் ஏறத்தாழ 30 லட்சம் பேர் என்பர். நிலமற்ற கூலியாளர்களும் மீனவர்களும் அவர்களுள் மிகுதி.

ஆகவே கூலியை நெல்லாகப் பெறுவது நன்றா, பணமாகப் பெறுவது நன்றா என்ற கேள்விக்கு நம்மிடம் ஒரே விடை இல்லை. நெல் விலை ஏறினால் நெற்கூலி பெறுபவன் வயிறு தப்பும். ஆனால் அளக்கும் மரக்கால் எவர் கையில் இருக்கிறது? வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் நாட்கூலியை மரக்கால் நெல் கணக்கிலேயே வகுத்தது. கூலி நெல்லை உயர்த்தக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகவே 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. மறுபுறம், நெல்லைக் கொண்டு பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. நகரத்துக்குப் பேருந்து ஏறவும் முடியாது. கையில் உள்ள ரூபாய் எந்தக் கடையிலும் செல்லும். அதை வைத்திருப்பவன் எந்தத் தெருவினன் என்று அது கேட்பதில்லை. அந்த விடுதலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கூலி பேசும்போதும், சென்ற ஆண்டு இதே கூலிக்கு எத்தனை படி அரிசி வந்தது, இவ்வாண்டு எத்தனை படி வருகிறது என்று கணக்கிட்டுப் பேசவேண்டும். இக்கணக்குக்குப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கடைச் சீட்டுகளும் போதும்.

அம்பேத்கரின் அந்நூல் ஏழு அதிகாரங்கள் கொண்டது. மகாராட்டிர அரசு வெளியிட்ட அவர் தொகுப்பின் ஆறாம் தொகுதியில் அது அடங்கியுள்ளது. ஆங்கிலம் சற்றே கடினம், பட்டியல்களும் மிகுதி. கல்லூரியில் பயிலும் இளைஞர் நால்வர் சேர்ந்து, வாரம் ஓர் அதிகாரமாகப் படித்து, மற்றவர்க்குத் தமிழில் விளக்கலாம். வெள்ளியின் வீழ்ச்சியைக் கூறும் இரண்டாம் அதிகாரத்தில் தொடங்கினால் எளிதாக இருக்கும். முதல் அதிகாரத்தைப் பின்னர்ப் படித்துக்கொள்ளலாம். வினாக்கள் இருப்பின் இப்போது கேளுங்கள்.