செல்வ நகரில் வறுமை நீடிப்பானேன்?



சேரமான் பெருமாள் அளித்த பொன்னோடு வந்த சுந்தரர், வேடர் உருவில் வந்த பூதகணங்களிடம் அதனைப் பறிகொடுத்துப் பின்னர்ப் பாடி மீட்டார் என்பது நம் திருமுருகன்பூண்டித் தலத்தின் வரலாறு. பறிபோனது இன்னதென்று அவர் அறிந்திருந்தார். நம் மக்களோ தாம் பறிகொடுப்பது எதுவென்றே அறியாதிருக்கின்றனர்.

திருப்பூரிலிருந்து ஆண்டொன்றுக்கு 30,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பின்னலாடைகள் அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. இத்துணைச் செல்வம் புரளுமிடத்தில் நம் தெருக்களில் வறுமை நீடிப்பானேன்? உழைப்பில் குறைவா? அன்று. பனியன் கம்பெனியில் தொழிலாளியாக நுழைந்து முதலாளியாக உயர்ந்தோர் இங்குப் பலர். அவர்களும் உழைத்தனர், நாமும் உழைத்தோம். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர்க்கு விற்கவோ ஈடு வைக்கவோ நிலம் இருந்தது. கடன் கொடுக்க உறவினர் இருந்தனர். தலைமுறை தலைமுறையாக நிலமற்றோராக வைக்கப்பட்ட நமக்கு, ஈடு வைக்க இரு கைகளே இருந்தன. 1984ஆம் ஆண்டில் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் திருப்பூர். போராடிப் பெற்ற கூலியும் வாடகைக்கும் வட்டிக்கும் கரைகின்றது. கூலி அடுப்பை எரிக்கும், முதலாகச் சேராது.

அரசியலில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே நீடித்தல் ஆபத்து என்று அண்ணல் அம்பேத்கர் 25-11-1949 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அம்முரண்பாடு இன்றும் நம் வாசலில் நிற்கின்றது.

நிலமில்லார்க்குள்ள ஒரே முதல் கல்வி. அதனையே நாம் பறிகொடுக்கின்றோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகின்றது. 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தமும் அவ்வயதைக் கடந்தோரை அபாயகரமான தொழில்களினின்று மட்டுமே விலக்குகின்றது. இந்த இடைவெளியில்தான் ஒன்பதாம் வகுப்பு மாணவன் கை மடிக்கப் போகின்றான். ஒவ்வோராண்டும் காலாண்டு விடுமுறைக்குப் பின், வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே கோடிடும்பொழுது என் கை தயங்குகின்றது.

பெற்றோரைப் பழிக்க எனக்கு நாவெழவில்லை. கடன்காரர் வாசலில் நிற்கையில், "பிள்ளையைப் படிக்க வையுங்கள்" என்னும் அறிவுரை பசியாற்றாது. ஆதலின் கழகத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்றே: பரிசுக் கோப்பைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்று தொடங்குங்கள். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை நானும் தருகின்றேன்.

பறிபோவது எதுவென்று அறிந்தோம், இனி மீட்போம்.