ஈரத்தையும் கணக்கில் எடுங்கள்



மண்கட்டுச் சுவர் எவ்வளவு சுமை தாங்கும், எங்கே விரிசல் விடும் என்பதைக் கணினியில் கணித்துப் பார்க்கும் ஆய்வை உலகெங்கும் முடுக்கிவிட்டவை நிலநடுக்கங்கள்தாம். 2001இல் புஜ், 2003இல் ஈரானின் பாம், 2007இல் பெருவின் பிஸ்கோ. லிமாவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார் சுடாத மண்கல்லான பச்சைக்கல்லால் கட்டிய வீடுகளை அதிர்வு மேடையில் ஏற்றிச் சோதித்தார்கள். அங்கே விழுந்த விரிசல்களைக் கணினி காட்டிய விரிசல்களோடு ஒப்பிட்டார்கள். பொறியாளர் பாலோ லூரென்சோ 1996இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு, கல்லைத் தனியாகவும் கற்களுக்கு இடையிலான சாந்து இணைப்பைத் தனியாகவும் கணக்கிடும் முறையை உறுதிப்படுத்தியது. இன்று வாசிக்கப்படும் கட்டுரைகளில் பல அந்த வழியில் வந்தவை. அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் தாமிரபரணிக் கரையில் மண்சுவரைச் சாய்ப்பது தண்ணீர். 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. ஆற்றங்கரை ஊர்களில் மண்வீடுகள் அடுத்தடுத்து இடிந்தன.

வெள்ளம் வடிந்த தெருவில் இன்னும் விழாத ஒரு மண்சுவரை நின்று பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் கோடு தெரியும். அதற்குக் கீழே மண் கறுத்து, விரலால் அழுத்தினால் பதியும். அடிவரிசையில் சாந்து கரைந்து, கல்லின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேலே கூரைச் சுமை அப்படியே இருக்கிறது. சில சுவர்கள் வெள்ளத்தில் நின்று, வடிந்த பிறகு விழுகின்றன. பொருட்களை எடுக்க வீட்டுக்காரர்கள் உள்ளே போகும் நேரமும் அதுதான்.

ஏன் இப்படி? காய்ந்த மண்ணுக்குள்ளும் கொஞ்சம் ஈரம் உண்டு. துகள்களுக்கு இடையே ஒட்டியிருக்கும் அந்த நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மண் நனைய நனைய இந்த இழுவிசை குறைந்து, முழுதும் ஊறியதும் இல்லாமல் போகிறது. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் திமிசு போட்டு இறுக்கிய மண்ணில் இதை அளந்து காட்டினார்கள். அப்படியிருக்க, சுவர் முழுவதற்கும் ஒரே வலு எண்ணைக் கொடுத்துக் கணினியை ஓட்டினால், கிடைப்பது கோடைகாலச் சுவரின் விடை. நம் சுவருக்கு அடியில் ஒரு வலு, நடுவில் ஒரு வலு, உச்சியில் ஒரு வலு. அதுவும் நாளுக்கு நாள் மாறும்.

சிமெண்ட் சேர்த்து அழுத்திய மண்கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரநிர்ணயம் நீரில் ஊறவைத்த பிறகுதான் வலுவைச் சோதிக்கச் சொல்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் ஆரோவில் மண் நிறுவனமும் இந்தக் கற்களை நடைமுறைக்குக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கின்றன. சிமெண்ட் சேராத பச்சைக்கல்லையோ அப்படி ஊறவைக்க முடியாது, கரைந்துவிடும். ஆகவே படிப்படியாக ஈரமேற்றி, ஒவ்வொரு படியிலும் நசுக்கிப் பார்க்கும் சலிப்பான வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். இளைய ஆய்வாளர்களிடம் இதை உரிமையோடு கேட்கிறேன்.

மண்சுவரின் மேல் சிமெண்ட் பூச்சு பூசும் பழக்கத்தையும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடக் கூடாது. பூச்சு பார்வைக்கு உறுதி. ஆனால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடிமண் நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நம் கணினி மாதிரிகள் காட்ட வேண்டும். கடைக்காலைக் கருங்கல்லில் எழுப்பித் தரைக்கு மேல் எவ்வளவு உயர்த்துவது, இறவாரத்தை எவ்வளவு நீட்டுவது என்று இங்கே அமர்ந்திருக்கும் கொத்தனார்கள் கைப்பழக்கத்தில் முடிவு செய்கிறார்கள். ஒரு அடி கூட்டினால் எத்தனை மணி நேரம் கூடுதலாகச் சுவர் நிற்கும் என்று அவர்களுக்கு விடை சொல்ல நம்மால் முடியுமா? இன்று பிற்பகல் அமர்வில் இந்தக் கேள்வியை அவர்களே எழுப்புவார்கள்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மண்ணின் வலு என்று எந்த எண்ணைச் சொன்னாலும், அப்போது அந்த மண்ணில் இருந்த ஈரம் எத்தனை விழுக்காடு என்பதையும் உடன் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவையோர் எழுந்து கேட்கலாம். முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது.