டாலாவின் உருக்குத் தொட்டி



கொல்கத்தாவில் வாழும் நம்மவரிடம் இந்நகரின் பெருமைகள் யாவை என்று கேட்டால், ஹௌரா பாலத்தையும் விக்டோரியா மண்டபத்தையும் உடனே கூறுவர். வடக்கே சியாம்பஜாரைத் தாண்டி, டாலாவில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைக் கூறுவோர் அரியர். லேக் மார்க்கெட்டில் நாள்தோறும் காய்கறி வாங்கும் நாம், அத்தொட்டியை ஒருமுறையேனும் சென்று கண்டிருக்கிறோமா?

பல்டா என்னுமிடத்தில் ஹூக்ளியாற்று நீரை எடுத்து, வடிகட்டி, குழாய்வழி டாலாவுக்கு அனுப்புகின்றனர். பண்டைக் கல்கத்தா மாநகராட்சியின் தலைமைப் பொறியாளராக இருந்த மக்கேப் என்பவர், அந்நீரை உயரத்தில் தேக்கும் திட்டத்துக்கு உருக்கொடுத்தார். 1909 நவம்பர் 18-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1911 மே 16-ஆம் நாள் தொட்டி திறக்கப்பெற்றது. இரண்டாண்டுகளுக்குள் முடிந்த வேலை என்பதை இன்றைய நகரவாசிகள் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்!

பக்கத்திற்கு 321 அடியான சதுரம். ஆழம் 16 அடி. தரையினின்று ஏறக்குறைய 110 அடி உயரம். இதற்குச் செலவான உருக்கு 8,500 டன். கொள்ளளவோ 90 லட்சம் காலன், அதாவது நான்கு கோடி லிட்டருக்குச் சற்று மிகுதி. நிறைந்த தொட்டியில் நீரின் எடையே நாற்பதாயிரம் டன்னைத் தாண்டும். தாங்கும் உருக்கைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு சுமை, கங்கைச் சமவெளியின் மென்மையான வண்டல்மீது அமர்ந்திருக்கிறது.

இவ்வளவு உயரம் எதற்கு? நகரம் விழித்தெழும் காலையில் எல்லாக் குழாய்களும் ஒருங்கே திறக்கின்றன. நள்ளிரவிலோ அனைத்தும் மூடிக் கிடக்கின்றன. நீரேற்றும் பொறிகளால் இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஈடுகொடுக்க இயலாது. தேவை குறைந்தபோது தொட்டி நீரை வாங்கிக்கொள்கிறது. மிகுந்தபோது தன் உயரத்தின் வலிமையால் கீழே தள்ளுகிறது. நம் வீட்டு மாடித் தொட்டி செய்வதும் இதுவே. ஆகவே டாலாவை நகரின் சேமிப்புக் கிடங்கு என்று கருதுதல் கூடாது. அதன் நீர் முழுவதும் இம்மாநகருக்கு ஒரு நாளைக்கும் போதாது.

சேமிப்பு என்றதும் நம் மனம் சென்னைக்குச் செல்வது இயல்பே. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்கள் கொண்ட இரயில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து வில்லிவாக்கம் வந்தது. அத்தகைய பதினாறு நடைகளின் நீர் டாலாத் தொட்டியில் அடங்கும். கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு வேண்டும் என்று 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருந்தது. ஊரிலுள்ள நம் வீட்டுக் கூரையின் வடிகுழாய் எங்கே சென்று முடிகிறது என்பதை, அடுத்த விடுமுறையில் செல்லும்போது நாமே பார்த்தல் நலம்.

டாலாவுக்குத் திரும்புவோம். டைட்டானிக் கப்பலுக்குப் பயன்பட்ட உருக்கே இதற்கும் பயன்பட்டதென்று இவ்வூரார் பெருமை பேசுவதுண்டு. துரு அத்தகைய பெருமைகளைப் பொருட்படுத்துவதில்லை. நூறாண்டு நீரில் நின்ற தகடுகள் அரித்தன, கசிவுகள் தோன்றின. 2010-களின் பிற்பகுதியில், ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழக வல்லுநரின் ஆலோசனையோடு பெரும் பழுதுபார்ப்பு தொடங்கியது.

மக்கேப்பின் கூர்மதியை நாம் உணர்வது இங்கேதான். தொட்டியை ஒரே பரப்பாக விடாமல், உள்ளே நான்கு அறைகளாக அவர் பிரித்திருந்தார். ஓரறையை வெறுமையாக்கித் தொழிலாளர் உள்ளே இறங்கினர், துருவைச் சுரண்டினர், தேய்ந்த தகடுகளை மாற்றினர். அவர்கள் தகடு பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அப்பால் மற்ற மூன்று அறைகளின் நீர் வழக்கம்போல் நகரத்துக் குழாய்களுக்குச் சென்றுகொண்டிருந்தது.