சொல்லாமல் போன கட்டு

வழக்கறிஞர் தோழர்களே, வாய்தாவுக்கு வந்துவிட்டு, பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று வேப்பமர நிழலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பொதுமக்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி போட்டார். "வழக்கு இந்தக் கோர்ட்டில் நடந்தால் என்ன, அந்தக் கோர்ட்டில் நடந்தால் என்ன? சட்டம் ஒன்றுதானே?" என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்கத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

இதே கோர்ட்டு வளாகத்தில் மாதந்தோறும் நடக்கிற கதையைச் சொல்கிறேன். ஒரு கொத்தனார். அடிதடி வழக்கில் மூன்றாவது எதிரி. வாய்தா நாளில் கூலியை விட்டுவிட்டு வருகிறார். பத்தரை மணிக்குப் பட்டியலைப் பார்த்தால் அவர் வழக்கு இல்லை. பெஞ்ச் கிளார்க்கைக் கேட்டால், "கேஸ் கட்டு மேல போயிருச்சுப்பா, மாடியில கேளு" என்கிறார். மாடியில் கேட்டால், "இன்னும் நம்பர் ஆகலை, அப்புறம் வா" என்கிறார்கள். அப்புறம் என்றால் எப்போது? யாரும் சொல்வதில்லை. அடுத்த மாதம் புதுக் கோர்ட்டில் நம்பர் ஆகிவிடுகிறது. டவாலி வாசலில் நின்று மூன்று தடவை பெயரைக் கூப்பிடுகிறார். அந்தக் குரல் எட்டு மைல் தள்ளிச் சாரத்தில் நிற்கிறவருக்குக் கேட்குமா? அவருடைய வக்கீலுக்கும் தகவல் இல்லை; ஆகவே நேரில் வராததைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டு நாம் போடுகிற, பழக்கத்தில் 317 என்று சொல்கிற அந்த மனுவும் இல்லை. பிடிவாரண்ட்! விடியற்காலையில் போலீஸ் கதவைத் தட்டுகிறது, தெருவே எழுந்து வேடிக்கை பார்க்கிறது. ஓடிப்போனது யார்? கொத்தனாரா? கட்டுதானய்யா ஓடிப்போனது! அதற்கு யார் பிடிவாரண்ட் போடுவது?

இப்போது சட்டத்துக்கு வருவோம். வழக்கை மாற்றுவது பற்றிய பிரிவுகள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 406 முதல் 412 வரை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 446 முதல் 452 வரை. மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்குள் மாற்ற உயர் நீதிமன்றம், தன் கோட்டத்துக்குள் மாற்ற செஷன்ஸ் நீதிபதி என்று அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதில் பழைய 407, உட்பிரிவு 5 என்று ஒன்று உண்டு. உயர் நீதிமன்றத்தில் மாற்றம் கேட்டு மனுப்போடுகிறவர் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால், அரசு வழக்கறிஞருக்கு அவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், காரணங்களின் நகலும் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 24 மணி நேரமாவது ஆகாமல் மனுவின் தகுதியைப் பார்த்து உத்தரவு போடக் கூடாது. நல்ல விதிதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அதே மனுவை அரசுத் தரப்பு போட்டால்? குற்றம் சாட்டப்பட்டவருக்கு நோட்டீஸ் என்ற வரி அந்த உட்பிரிவில் இல்லை! புதிய சட்டம் எழுதினார்களே, பெயரை மாற்றினார்கள், எண்ணை மாற்றினார்கள், இந்த ஓட்டையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். நீதிமன்றங்கள் இயற்கை நீதியின் பேரால் நோட்டீஸ் கொடுக்கின்றன என்பது உண்மை. செஷன்ஸ் நீதிபதியும் மாஜிஸ்திரேட்டும் மாற்றல் உத்தரவில் காரணத்தை எழுத வேண்டும் என்று சட்டத்திலேயே இருப்பதும் உண்மை. எழுதிய காரணத்தை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் அங்கே இல்லை. அரசாங்க வக்கீலுக்குச் சட்டம் தருகிற பாதுகாப்பு, கொத்தனாருக்கு நீதிபதியின் நல்ல மனசைப் பொறுத்து வருகிறது.

"இதெல்லாம் கீழ்க் கோர்ட்டு குமாஸ்தா தகராறு, பெரிய இடத்தில் இப்படி நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்தது. டெல்லியிலேயே நடந்தது.

ஏ.ஆர். அந்துலே. 1980 ஜூன் முதல் 1982 ஜனவரி வரை மகாராஷ்டிர முதலமைச்சர். சிமென்ட் தட்டுப்பாடான காலம். கட்டடக்காரர்களுக்கு சிமென்ட் ஒதுக்கிவிட்டு, தான் நடத்திய அறக்கட்டளைகளுக்கு நன்கொடை வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. 1981இல் அருண் ஷோரி பத்திரிகையில் போட்டு உடைத்தார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி லெண்டின் தீர்ப்பு வந்தது, நாற்காலி போயிற்று. பா.ஜ.க.வைச் சேர்ந்த ராம்தாஸ் நாயக் தொடுத்த தனிப் புகார் பம்பாய் ஸ்பெஷல் ஜட்ஜ் முன்னால் நின்றது. எம்.எல்.ஏ. ஒருவர் மீது வழக்கு நடத்த முன் அனுமதி வேண்டுமா வேண்டாமா? அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1984 பிப்ரவரி 16. ஐந்து நீதிபதிகள். அனுமதி வேண்டாம், எம்.எல்.ஏ. என்பவர் சட்டம் சொல்லும் பொருளில் பொது ஊழியர் அல்ல என்று முடிவு சொன்னார்கள். அதோடு பேனாவை மூடியிருக்கலாம். மூடவில்லை. தீர்ப்பின் வாலில், வழக்கை ஸ்பெஷல் ஜட்ஜிடமிருந்து எடுத்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறோம், பதவியிலிருக்கும் நீதிபதி ஒருவர் அதை அன்றாடம் விசாரித்து விரைவாக முடிக்கட்டும் என்று தாங்களாகவே சேர்த்துவிட்டார்கள். கேட்டது யார்? யாரும் கேட்கவில்லை. புகார் கொடுத்த நாயக்கே கேட்கவில்லை! உங்கள் வழக்கை மாற்றப் போகிறோம், என்ன சொல்கிறீர்கள் என்று அந்துலேயை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரே ஊர்தானே, நல்ல பெரிய கோர்ட்டுதானே, இதில் என்ன நஷ்டம் என்று நண்பர் கேட்பார். கேளுங்கள். 1952ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, இந்த வகைக் குற்றங்களை ஸ்பெஷல் ஜட்ஜ் மட்டுமே விசாரிக்கலாம் என்றது. 'மட்டுமே' என்று சட்டமன்றம் போட்ட பூட்டு அது. இரண்டாவது, ஸ்பெஷல் ஜட்ஜ் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். உயர் நீதிமன்றமே விசாரணைக் கோர்ட்டு ஆகிவிட்டால், ஏணியில் ஒரு படியைப் பிடுங்கியாகிவிட்டது. இந்தியாவில் அந்தக் குற்றத்துக்காக நிற்கிற மற்ற எல்லோருக்கும் உள்ள படி, இந்த ஒரு ஆளுக்கு மட்டும் இல்லை.

அந்துலே சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கத்ரி முன்னால், உங்களுக்கு விசாரிக்க அதிகாரமில்லை என்றார். மேலே இருப்பவர்கள் சொன்னது என்னைக் கட்டும், நான் என்ன செய்ய முடியும் என்பதே பதில். மேலேயே போய் ரிட் போட்டார்; அதுவும் தள்ளுபடி. கத்ரியிடமிருந்து மேத்தா, மேத்தாவிடமிருந்து ஷா என்று வழக்கு கை மாறியது. சாட்சிகள் கூண்டேறினார்கள். 79 குற்றச்சாட்டுகள் வனையப்பட்டன. கடைசியில் 1988 ஏப்ரல் 29 அன்று ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில், 1984இல் நாங்கள் செய்தது தவறு என்று தங்கள் உத்தரவைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சப்யசாசி முகர்ஜி. கோர்ட்டு செய்த காரியத்தால் ஒரு மனிதனுக்குக் கேடு வரக் கூடாது என்ற பழைய நெறியை எடுத்துச் சொல்லி, அந்த நான்கு வருட நடவடிக்கையையும் ரத்துசெய்தார்கள்.

வேகமாக முடிக்கத்தானே மாற்றினார்கள்? நான்கு வருடம் குப்பைக்குப் போனது! ஊழலை ஒழிக்க வேண்டும் என்று துடிக்கிற தோழர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்துலேக்காக நான் அழ வரவில்லை. அவருக்கு வாதாட நாட்டில் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். தவறைத் திருத்திக்கொள்ள நான்கு வருடம் வாசல் தட்ட அவரால் முடிந்தது. கொத்தனாரால் முடியுமா?

மாறுபட்டு எழுதிய நீதிபதி வெங்கடாசலையாவின் கவலையையும் சொல்லிவிடுகிறேன். முடிந்துபோன தீர்ப்பை இப்படித் திறந்துகொண்டே போனால் எதுதான் முடியும் என்றார். நியாயமான கவலை. அதற்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: முதலிலேயே கேட்டிருந்தால் திறக்கவே வேண்டியிருந்திருக்காது.

"நோட்டீஸ் கொடுத்தால் ஆளும் கட்சிக்காரன் தடுத்துவிடுவான், மாற்றமே நடக்காது" என்று ஒரு வாதம். அப்படியா? 2003இல் ஜெயலலிதா முதலமைச்சர் நாற்காலியில் இருந்தார். சொத்துக் குவிப்பு வழக்கைத் தமிழ்நாட்டிலிருந்து மாற்றுங்கள் என்று பேராசிரியர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்தில் மனுப்போட்டார். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனது. வாதம் நடந்தது. காரணம் எழுதி, நவம்பர் 18 அன்று வழக்கைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அரசியல் பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ, தனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டார்கள் என்று அந்த அம்மையார் தரப்பு சொல்ல இடமிருந்ததா?

இன்னொரு பக்கமும் உண்டு. நம் கண்ணெதிரே நடந்தது. அமைச்சராக இருந்த பொன்முடி மீதான சொத்து வழக்கு விழுப்புரத்திலிருந்து வேலூருக்குப் போனது. 2023 ஜூனில் விடுதலை. அந்த வழக்கில் குற்றம் உண்டா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதைத் தானாகவே கையிலெடுத்தபோது, திறந்த மன்றத்து உத்தரவு இல்லாமல் நிர்வாகக் குறிப்பின் பேரில் ஒரு வழக்கை இப்படி மாவட்டம் விட்டு மாவட்டம் மாற்றலாமா என்று கேட்டார். நமக்கு வேண்டிய கேள்வி அதுதான். மூடிய அறையில் கட்டு நகர்ந்தால் சில சமயம் குற்றம் சாட்டப்பட்டவன் கெடுகிறான், சில சமயம் ஊர் சந்தேகப்படுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒரு தாள் நோட்டீஸ்.

நிர்வாக வசதி என்பார்கள். புதுக் கோர்ட்டு திறக்கிறோம், நூற்றுக்கணக்கான கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கிறோம், ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க முடியுமா? சம்மதம் யார் கேட்டார்கள்? தகவல் சொல்லுங்கள் என்கிறோம். வாரண்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறது, தகவல் சொல்ல ஆள் இல்லையா?

நம் சங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பவிருக்கும் தீர்மானத்தில் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. மனுவின் பேரில் மாற்றுவதானால், யார் மனுப்போட்டாலும் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் நோட்டீஸ். நிர்வாகக் காரணத்துக்காக மாற்றினால், எந்தக் கோர்ட்டு, எந்தத் தேதி என்று தமிழில் எழுதிய தகவல், எதிரிக்கும் அவர் வக்கீலுக்கும். அந்தத் தகவல் சேர்ந்ததற்குக் கையெழுத்து கட்டில் இல்லாதவரை, மாறிப்போன வழக்கின் முதல் வாய்தாவில் பிடிவாரண்ட் கூடாது. செயலாளர் அதை வாசிப்பார். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள். மர நிழலில் நிற்கிறவர்களும் தூக்கலாம், இது உங்கள் தீர்மானம்.