நடை நன்றாயிருக்கிறது என்றால் என்ன?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், ஒரு நூலாசிரியருடைய சொல்லையும் நடையையும் பற்றி நாம் என்னென்ன வார்த்தைகளைக் கொண்டு பேசுவது என்பதாகும். இது பண்டிதர்களுக்கு உரிய விஷயமல்லவா, பள்ளிக்கூடத்தை நாலைந்து வருஷத்தில் விட்டுவிட்டு வாசகசாலை பெஞ்சியில் உட்கார்ந்து படித்த ஆளுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நான். கண் வலிக்கப் படிக்கிறவனும் நான். அது நன்றாயிருக்கிறதா, இல்லையா என்று சொல்லும் உரிமை மாத்திரம் வேறொருவருக்கு என்றால், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறேன்.

ஆனால் உரிமை வேண்டுமென்று கேட்கிறவர்களிடம் அதற்கு வேண்டிய கருவியும் இருக்கவேண்டும். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த வாலிபரைப் பார்த்து, “புத்தகம் எப்படி?” என்று கேளுங்கள். “ரொம்ப நன்றாயிருக்கிறது” என்பார். “எது நன்றாயிருக்கிறது?” என்றால் “நடை” என்பார். “நடை எப்படியிருக்கிறது?” என்று இன்னும் ஒரு படி கேட்டால், அதற்கு மேல் அவரிடம் சரக்கில்லை. அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். மேடைகளிலும் மதிப்புரைகளிலும் அவர் கேட்டிருப்பதெல்லாம் தேன் சொட்டும் தமிழ், தெள்ளமுது, தெய்வப் புலமை, அருள்வாக்கு, கல்லையும் கரைக்கும் சொல்வன்மை என்பன போன்றவைதானே?

இந்தப் புகழ்மொழிகளை ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கம்பருக்குச் சொன்ன புகழ்ச்சியை அப்படியே தூக்கி, நேற்று அச்சான ஒரு மூன்றாந்தர நாவலுக்கு மாட்டிப் பாருங்கள். பொருந்தாமல் தள்ளுகிறதா? தள்ளாது. எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை யாருக்கும் அளவெடுத்துத் தைத்ததல்ல. தேன் சொட்டுகிறது என்றால், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் சொட்டுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் காட்டவும் முடியாது. இதிலும் ‘அருள்வாக்கு’ என்பது மிகப் பொல்லாதது. தேன் என்று சொன்னாலாவது, “எனக்குத் தித்திக்கவில்லையே” என்று சொல்ல இடமுண்டு. அருள் என்று சொல்லிவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டியதுதான். புரியவில்லை என்றால் புத்தகத்தின் மேல் தப்பில்லை, உன் பக்குவத்தின் மேல்தான் தப்பு என்று ஆகிவிடுகிறது.

சரி, வேறு வார்த்தை உண்டா என்றால், வேண்டிய மட்டும் உண்டு. வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் ‘நடை’ என்ற சொல்லையே பாருங்கள். இருட்டில் ஒருவர் வரும்போது முகம் தெரியாவிட்டாலும் காலடிச் சத்தத்தைக் கொண்டு, இன்னார் வருகிறார் என்கிறோம். எட்டி வைக்கிறாரா, குறுக வைக்கிறாரா, நின்று நின்று வருகிறாரா, இழுத்து இழுத்து நடக்கிறாரா என்பதைக் காது கண்டுகொள்கிறது. எழுத்திலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். வாக்கியம் எவ்வளவு நீளம்? வினைச்சொல் எங்கே வந்து நிற்கிறது? ‘ஆனபடியால்’, ‘ஆயினும்’, ‘என்பதாக’ என்று கொக்கி போட்டுக் கோத்துக்கொண்டு போகிறாரா, முற்றுப்புள்ளி வைத்து மூச்சு விடுகிறாரா?

அடுத்தது சொல். தொல்காப்பியத்தில் சொற்களை நாலு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தானே விளங்குவது இயற்சொல். கற்றவர்க்கே விளங்குவது, அதாவது ஒரு பொருளுக்குப் பல சொல்லாகவோ, ஒரு சொல்லுக்குப் பல பொருளாகவோ திரிந்து நிற்பது, திரிசொல். வட்டாரத்திலிருந்து வருவது திசைச்சொல். தாயைத் ‘தள்ளை’ என்பது குட்டநாட்டார் வழக்கு, நாயை ‘ஞமலி’ என்பது பூழிநாட்டார் வழக்கு என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். நாலாவது வடசொல். பின்னால் வந்த நன்னூல் இந்தத் திசைச்சொல்லை இன்னும் அகலமாக்கி, தமிழல்லாத பிற நாட்டுச் சொற்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. அந்தக் கணக்கின்படி போர்த்துகீசியர் வழியாக வந்த சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் திசைச்சொற்களே. ஆகவே “இவர் சொல்லாட்சி பிரமாதம்” என்று சொல்லுவதற்குப் பதிலாக, “இவர் நூற்றுக்குத் தொண்ணூறு இயற்சொல்லே போடுகிறார், கோபம் வந்தால் மாத்திரம் வட்டாரச் சொல்லுக்குப் போகிறார்” என்று சொன்னால் அது எண்ணிப் பார்க்கக்கூடிய பேச்சு. தப்பென்றால் தப்பென்று மறுக்கவும் கூடிய பேச்சு.

வெறும் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனால் தூக்கம் வரும். ஒரு உதாரணம் செய்து பார்ப்போம். ஒரு குடியானவர் வரி வஜா கேட்டு மனு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆள் எழுதுகிறார்: “மழை இல்லை. பயிர் காய்ந்துவிட்டது. வரி கட்டப் பணமில்லை.”

இரண்டாவது ஆள்: “இவ்வருஷம் வர்ஷம் இன்மையால் தானியாதிகள் நாசமடைந்துவிட்டபடியால் கிஸ்தி செலுத்த அசக்தனாயிருக்கிறேன்.”

மூன்றாவது ஆள்: “மாரி பொய்த்தமையின் பைங்கூழ் வாடிற்று, இறை இறுத்தல் எமக்கு இயலாதாயிற்று.”

நாலாவது ஆள்: “வானம் வறண்டது! வயல் வெடித்தது! வயிறு வாடியது! வரியோ வாட்டுகிறது!”

நாலும் ஒரே சங்கதிதான் என்று தோன்றும். நிதானமாகப் பாருங்கள். முதல் ஆள் போட்டதெல்லாம் இயற்சொல், குறு வாக்கியம். அடைமொழி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே நிறுத்தி, “மெய்தானா?” என்று விசாரிக்கலாம். ஆனால் மழை இல்லாததால்தான் பணமில்லை என்ற சம்பந்தத்தை அவர் சொல்லவில்லை, நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம். இரண்டாவது ஆளுடையது மணிப்பிரவாளம். வடசொல் அதிகம், அத்தோடு ‘கிஸ்தி’ என்ற கச்சேரிச் சொல் வேறு. எனக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் ஒன்று சொல்லவேண்டும். ‘இன்மையால்’, ‘விட்டபடியால்’ என்று காரணத்தையும் காரியத்தையும் இவர்தான் இறுகக் கட்டியிருக்கிறார். மூன்றாவது ஆளுடையது திரிசொல். ‘இறை’ என்பதற்கு வரி என்றும் பொருள், அரசன் என்றும் பொருள், கடவுள் என்றும் பொருள். தாலுகா குமாஸ்தா இதைப் படித்து, சாமி காரியத்தில் ஏதோ குறையாக்கும் என்று அறநிலையத் துறைக்கு அனுப்பிவிட்டால் அவர் மேல் கோபித்துப் பயனில்லை.

நாலாவது ஆளிடம் வருகிறேன். இதற்குத்தான் மேடையில் கைத்தட்டல் கிடைக்கும். இதை அடுக்குமொழி என்கிறோம், மோனை ஓடுகிறது. ஆனால் வயிறு ஏன் வாடியது? ‘வ’ வேண்டியிருந்ததால் வாடியது. இன்னொன்றும் கவனியுங்கள். வரி கட்ட முடியவில்லை என்பதை இந்த ஆள் சொல்லவே இல்லை! எழுத வந்த விஷயமே ஓசையோடு போய்விட்டது. தாசில்தார், “நல்ல தமிழ்” என்று சொல்லி மனுவை மடித்து வைத்துவிடலாம். இந்த வியாதி நம்முடைய மேடைகளில் அதிகம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. எதிராளியின் நடையை அளக்கும் கோலால் நம்முடைய பேச்சையும் அளந்துதான் தீரவேண்டும்.

சொல்லைப் பார்த்த பிறகு வினையைப் பார்க்கவேண்டும். “போலீசார் அடித்தார்கள்” என்பது செய்வினை. “தடியடி நடத்தப்பட்டது” என்பது செயப்பாட்டுவினை. முன்னதில் ஆள் உண்டு, பின்னதில் தடி மாத்திரந்தான் உண்டு. “தொழிலாளர் 10 பேர் நீக்கப்பட்டனர்”, “கூலி குறைக்கப்பட்டது”, “இன்னார் மேல், இன்னார் கீழ் என்று விதிக்கப்பட்டிருக்கிறது” என்று எங்கே கண்டாலும் பென்சிலை எடுத்துக்கொண்டு, “யாரால்?” என்று ஓரத்தில் எழுதுங்கள். செயப்பாட்டுவினையே கூடாதென்று சொல்லவில்லை. செய்தவன் யாரென்றே தெரியாத இடத்தில் அது வேண்டியதுதான். தெரிந்தும் மறைக்கிற இடத்தில் அது நடையல்ல, ஒளிவிடம்.

குற்றங்களுக்கும் பெயர்கள் தயாராயிருக்கின்றன. நன்னூலின் பாயிரத்தில் பத்துக் குற்றமும் பத்து அழகும் சொல்லப்பட்டிருக்கின்றன. பத்தையும் ஒப்பிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அடித்திருக்கிறார்களே ஒழிய, அவற்றைக் கொண்டு ஒரு பக்கத்தையாவது சோதித்துப் பார்க்கச் சொன்னார்களா? “முத்துவும் ராமுவும் சண்டையிட்டபோது அவன் மனைவி அழுதாள்” என்றால் யார் மனைவி? இதற்குப் பெயர் மயங்க வைத்தல். அமர்க்களமாக ஆரம்பித்துப் போகப் போக நூலாய் இளைத்து முடிவதற்குச் சென்று தேய்ந்திறுதல் என்று பெயர். இதற்கு உதாரணம் தேடி நீங்கள் தூரம் போகவேண்டாம், பிரசங்கத்திற்கு வந்தால் போதும். அடித்துவிட்டாலும் அர்த்தத்தில் ஒன்றும் குறையாத சொல் நிற்குமானால் அது நின்று பயனின்மை. இவற்றை எழுதிய பவணந்தியார் சமண முனிவர். கருவி நன்றாயிருந்தால் யாருடைய பட்டறையில் அடித்தது என்று நான் பார்ப்பதில்லை.

பழைய சொல்லை எடுத்தால் அதன் பொருளோடு எடுக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று எல்லாரும் ‘செறிவான நடை’ என்கிறார்கள். கருத்து நிரம்பியது என்று நினைத்துச் சொல்கிறார்கள் போலும். தண்டியலங்காரத்தில் செறிவு என்பது ஓசை நெகிழாமலிருப்பது, அவ்வளவே. கருத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதுப் பொருளில் வழங்கலாம், தடையில்லை. எந்தப் பொருளில் வழங்குகிறோம் என்று நமக்குத் தெரிந்திருந்தால் சரி. ‘எளிமை’யும் அப்படித்தான். “அவன் சொன்னான் என்று இவன் சொன்னதை அவர் கேட்டதாக நீ சொன்னது” என்பதில் கடினமான சொல் ஒன்றாவது உண்டா? ஆனால் ஆள் திணறுகிறான். சொல் எளிமை வேறு, வாக்கிய எளிமை வேறு.

கடைசியாக, நடையைப் பற்றிப் பேசுவதும் கருத்தை ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவப் பிரசாரத்துக்காகவே பேனா பிடித்தவர். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டார். அதிலுள்ள அற்புதங்களில் ஒன்றையும் நான் நம்பவில்லை. ஆனால் சந்தியைப் பிரித்து, காற்புள்ளி முதலிய குறிகளை இட்டு, படிக்கிறவன் எங்கே நிற்பது, எங்கே போவது என்று தடுமாறாமல் செய்ததில் அவருக்குள்ள பங்கை மறுக்க முடியுமா? அவர் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக அவருடைய வசனம் தெளிவில்லாதது என்று நாம் சொன்னால், கொள்கை பிடித்தவர்கள் சொல்லும் ‘அருள்வாக்கு’க்கும் நம்முடைய பேச்சுக்கும் என்ன வித்தியாசம்?

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரைப் (1680–1747) பாருங்கள். தேம்பாவணியை எழுதியதும் அவர் கைதான், பரமார்த்த குருவின் கதையை எழுதியதும் அவர் கைதான். முன்னதில் நடக்கிற நடை வித்துவான் சபைக்குள் நுழைகிற நடை. பின்னதில் திண்ணையில் கால் நீட்டிக்கொண்டு சிரிக்கச் சிரிக்கச் சொல்லுகிற தோரணை. நடை என்பது பிறவியில் வருவது, கலைமகள் நாவில் எழுதுவது என்று சொல்லுகிறவர்கள், ஒருவருக்கே இரண்டு நடை எப்படி வந்தது என்று விளக்கட்டும். ஆள் பார்த்து, இடம் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? தேர்ந்தெடுக்கிற வேலை என்றால், எதைத் தள்ளினார், எதைக் கொண்டார் என்று கேட்கிற வேலை நம்முடையது.

இந்த வாசகசாலையில் நாவலருடைய பாலபாடமும் இருக்கிறது, நம்முடைய வெளியீடுகளும் இருக்கின்றன. இரண்டிலும் ஒவ்வொரு பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன். தலைவர் அவர்கள் உத்தரவு கொடுத்தால், ஒரு தோழர் எழுந்து இரண்டையும் உரக்கப் படிக்கட்டும். முதலில் வாக்கியத்தை எண்ணுவோம். பிறகு ‘யாரால்’ என்று கேட்போம்.